திரைக்குப் பின்னால் மூன்று கிட்டார்

மூன்று மாதமாக அவள் மலிவு விலை கிட்டார்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேல்பலகை ஒட்டுப்பலகையா முழுப்பலகையா, கம்பி கழுத்தை விட்டு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, இணையத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்று ஒன்றையும் விடவில்லை. ஒரே கிட்டாரை ஒருவர் வெண்கல மணி என்றார். இன்னொருவர் தகர டப்பா என்றார். பிராண்டுகள் புற்றீசலாகப் பெருகினவே தவிர, முடிவு பிறக்கவில்லை.

இன்று பிறந்தே ஆகவேண்டும். மாலை வகுப்பு ஆசிரியர் இரவல் கொடுத்திருந்த கிட்டார் புதிதாகச் சேர்ந்தவருக்குப் போகிறது. இன்றைக்குக் கையை வீசிக்கொண்டு போனால் வகுப்பில் அவளுடைய இடமும் போய்விடும்.

மூன்று பிராண்டுகளைப் பொறுக்கி எடுத்து, பெயர்களைத் தாளில் எழுதிக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

"பேரைப் பார்த்தா மனசு சாஞ்சிடும். திரைக்குப் பின்னாடி நின்னு மூணையும் வாசிங்க. நான் காதால மட்டும் கேக்குறேன். கிட்டார் வகுப்புக்கு நேரமாகுது."

கூட வந்த அக்கா நாற்காலியில் சரிந்தாள். "எங்க வீட்டுக்காரரையே நான் அரை மணி நேரத்துல முடிவு பண்ணேன்டி."

"அதனாலதான்க்கா நான் மூணு மாசம் எடுத்துக்குறேன்."

பழுது பார்க்கும் அறையின் திரை மூடியது. முதல் கிட்டார் ஒலித்தது.

"கணீர்னு இருக்கு. அடியில கனம் பத்தல."

இரண்டாவது.

"இது சுத்தத் தகரம். முழுப்பலகைன்னு சொல்லி ஏமாத்துறாங்க."

மூன்றாவது ஒலித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். "இதுதான். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா பேசுது."

எழுந்து போய்த் திரையை விலக்கினாள். கடைக்காரர் கையில் ஒரு கிட்டார் இருந்தது. மற்ற இரண்டும் மேசைமேல் கிடந்தன. அவற்றின் கம்பிகள் துணி காயப்போட்ட கயிறு போலத் தொய்ந்திருந்தன.

"இதையெல்லாம் எப்படி வாசிச்சீங்க?"

"எங்கேம்மா வாசிச்சேன்? கழுத்து வளைஞ்சிடக் கூடாதுன்னு கம்பியைத் தளர்த்தி வச்சிருக்கேன். சுருதி சேர்த்து நிக்க வைக்க நேரமாகும். உங்களுக்கு வகுப்புக்கு நேரமாச்சேன்னு இதையே மூணு தடவை வாசிச்சேன்."

அவளுக்குத் தன் காதைப் பற்றி இதுவரை சந்தேகம்தான் இருந்தது. இப்போது அதுவும் தீர்ந்தது.

கடைக்காரர் சங்கடப்பட்டார். "மனசுல வச்சுக்காதீங்கம்மா. நீங்க சொன்னதுக்கப்புறம் எனக்கே தோணுச்சு. ரெண்டாவது தடவை கொஞ்சம் தகரமாத்தான் இருந்துச்சு."

அக்கா முகத்தைக் கைப்பைக்குள் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

மற்ற இரண்டுக்கும் சுருதி சேர்க்கச் சொல்லலாம். சேர்த்து முடிப்பதற்குள் வகுப்பு முடிந்திருக்கும். சேர்த்தாலும், கேட்கப்போவது இதே காதுதான்.

"இதையே உறையில போடுங்க," என்றாள்.

வகுப்பில் ஆசிரியர் கிட்டாரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை பிராண்டு இருக்கே, எப்படி இதைப் புடிச்சீங்க?"

"கண்ணால பார்க்காம, காதால மட்டும் கேட்டு மார்க் போட்டேன் சார். இதுதான் முதல்ல வந்துச்சு."

அவர் மெச்சித் தலையாட்டினார். கடைசியாக வந்தது எது என்று கேட்கவில்லை.