இரண்டாவது படிப்புக் கடன்

வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததுமே சிந்துஜாவுக்குக் கண்ணைச் சொக்கியது. முந்தின நாள் பௌர்ணமி. செங்கம் ரோட்டில் அவள் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் விடுதியில் ஓர் அறைகூடக் காலி இல்லை. கிரிவலம் முடித்து வந்தவர்களுக்குச் சாவி கொடுத்து, வெந்நீர் வரவில்லை என்று சண்டைக்கு வந்தவர்களுக்குப் பதில் சொல்லி, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு நேராக இங்கே வந்திருந்தாள்.

பக்கத்தில் தம்பி வளவன் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அரசுக் கலந்தாய்வில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்திருந்தது. கல்லூரி செங்கல்பட்டுப் பக்கம், தனியார் கல்லூரி. மாதக் கடைசிக்குள் கட்டணம் கட்டியாக வேண்டும். அப்பா ஆதிமூலம் அடி அண்ணாமலையில் ஒரு துண்டு நிலத்தில் கத்தரியும் மிளகாயும் போடுகிறவர். அம்மா ராணியம்மாள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றும் பாதையில் தண்ணீர் பாட்டிலும் சுண்டலும் விற்பவள். கடன் வாங்காமல் அந்த வீட்டிலிருந்து யாரும் தனியார் கல்லூரி வாசலை மிதிக்க முடியாது. சிந்துஜாவும் அப்படி மிதித்தவள்தான்.

கடன் பிரிவில் இருந்தவர் அருண்பிரசாத் என்ற இளைஞர். அவள் வயதுதான் இருக்கும். வளவனின் மதிப்பெண்ணைப் பார்த்து, "நல்ல மார்க்குப்பா" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டு சிந்துஜாவைப் பார்த்தார்.

"அப்பாவோட ஆதாரை அடிச்சதுமே இன்னொரு கணக்கு வருதுங்க. இன்ஜினியரிங் லோன். சிந்துஜாங்கறது நீங்கதானே?"

"ஆமா சார்."

"அது வாராக்கடன்ல நிக்குது. அதுல உங்கப்பா கூட்டுக் கடன்தாரர். இதுலயும் அவரைத்தான் காட்டுறீங்க. நான் எழுதி அனுப்பினாலும் மேல எடுக்க மாட்டாங்க. பழசை முடிச்சுட்டு வாங்க, பாக்கலாம்." குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு சொன்னார்: "வர்ற சனிக்கிழமை கோர்ட்ல மக்கள் நீதிமன்றம் இருக்கு. உங்களுக்கும் நோட்டீஸ் வந்திருக்கும். பாதிக்கு மேல கொறைப்பாங்க."

வளவன் ஃபைலை மூடினான். அக்காவின் பக்கம் திரும்பவில்லை. அவன் திரும்பாததே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தக் கடன் ஒன்றும் பெரிய கடன் இல்லை. சொத்து ஜாமீன் கேட்காமல் தருகிற வரம்புக்குள் வாங்கியது. வருமானச் சான்றிதழ் கொடுத்ததால், படிக்கிற காலத்து வட்டியை அரசாங்கமே கட்டியது. வினையெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. சென்னையில் கிடைத்த முதல் வேலையில் விடுதி வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சியதைக் கட்டினாள். அது வட்டிக்கே பத்தவில்லை. கொரோனாவில் அந்த வேலையும் போனது. ஊருக்கு வந்தாள். கட்ட முடிந்த மாதம் கட்டினாள், முடியாத மாதம் வங்கியிலிருந்து வரும் போனை எடுக்காமல் இருந்தாள். வாங்கியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கடன் வளர்ந்திருந்தது. இருபத்தெட்டு வயதில் அவளிடம் இருந்த ஒரே வளர்ச்சி அதுதான்.

வெளியே வரும்போது வாசலில் யாரோ, "சிந்து!" என்று கத்தினார்கள். நந்தினி. கல்லூரியில் நான்கு வருடம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவள். வேங்கிக்காலில் மாடி வீடு. அப்பா வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர், அம்மா இன்னும் அரசுப் பள்ளியில் டீச்சர். நந்தினி மேல்படிப்புக்கு அயர்லாந்து போய் அங்கேயே வேலையில் சேர்ந்துவிட்டாள் என்பது சிந்துஜாவுக்குப் போனில் பார்த்துத் தெரியும்.

"லீவுல வந்தேன்டி. லோனை க்ளோஸ் பண்ணிட்டு, வீட்டுப் பத்திரத்தை வாங்கிட்டுப் போலாம்னு அப்பா கூட்டிட்டு வந்தாரு. நீ?"

"பாஸ்புக் போட வந்தேன்" என்றாள் சிந்துஜா. வளவன் தரையைப் பார்த்தான்.

"உன்னோடது எவ்ளோடி?" என்று கேட்காமல் இருக்க முடியவில்லை அவளால்.

நந்தினி சொன்ன தொகை சிந்துஜாவின் கடனைப் போலப் பல மடங்கு. "அதை அப்படியே கட்டிட்டீங்களா?" என்றாள் சிந்துஜா.

"அப்பாகிட்ட அப்பவே பணம் இருந்துச்சுடி. லோனாப் போட்டா வட்டியை வருமான வரியில கழிச்சுக்கலாம்னு ஆடிட்டர் சொன்னாரு. அதுக்காக எடுத்ததுதான். இப்ப எனக்கும் சம்பளம் வருது, எதுக்கு இழுத்துக்கிட்டுன்னு முடிக்கிறோம்." அவள் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, குடை எடுத்துக்கொண்டேன் என்பது மாதிரி சொன்னாள். "நான் திரும்பிப் போறதுக்குள்ள வீட்டுக்கு வாடி. நிஜமா வரணும்."

நந்தினியும் அவள் அப்பாவும் உட்கார்ந்த மேலாளர் அறைக்கு இரண்டு காபி போவதை சிந்துஜா பார்த்தாள். நந்தினி மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. கோபப்படக்கூட உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

வீட்டில் நோட்டீஸ் வந்துதான் இருந்தது. ஆதிமூலம் அதை டி.வி. மேல் வைத்து, யாரிடமும் சொல்லாமல் விட்டிருந்தார். "உனக்கு எதுக்கு அதைக் காட்டி வேற கஷ்டப்படுத்தணும்னு வச்சிட்டேம்மா" என்றார். ராணியம்மாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "சாப்புட்டுப் பேசலாம்" என்றாள். சாப்பிட்டதும் அவரவர் பாயை விரித்துக்கொண்டார்கள்.

மறுநாள் சிந்துஜா விடுதியின் உரிமையாளர் வேதாவிடம் போய் நின்றாள். வேதா கணக்கில் கறார். ஆனால் ஈரமில்லாதவள் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "அட்வான்ஸ் தரேன் சிந்து. ஆனா மாசாமாசம் சம்பளத்துல புடிப்பேன். அதுவரைக்கும் நீ வேற எங்கயும் போகக் கூடாது, சரியா?" என்றாள்.

சிந்துஜாவுக்குப் பெங்களூரில் ஒரு நிறுவனத்திலிருந்து நேர்முகத்துக்கு மெயில் வந்திருந்தது. சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கிற வேலை. மூன்று மாதமாக மதியத்தில் மேசைக்கடியில் போனை வைத்துப் படித்து எழுதிய தேர்வுக்கு வந்த மெயில் அது. "சரிங்க மேடம்" என்றாள். அம்மா போட்டிருந்த சீட்டைத் தள்ளி எடுத்தார்கள். மீதியை வேதா கொடுத்தாள்.

சனிக்கிழமை நீதிமன்ற வளாகத்தில் திருவிழாக் கூட்டம். ஒவ்வொரு வங்கியும் மரத்தடியில் ஒரு மேசை போட்டிருந்தது. நகைக்கடன், டிராக்டர் கடன், விபத்து வழக்கு எல்லாம் ஒரே இரைச்சலில் நடந்தன. கல்விக்கடன் வரிசையில் அப்பாக்கள்தான் அதிகம். லுங்கிக்கு மேல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள். பிள்ளைகள் சிலர் வேலைக்குப் போன ஊரிலிருந்து வர முடியாமல் போனில் இருந்தார்கள். சிந்துஜாவுக்கு முன்னால் நின்றவள் ஆராயி என்ற அம்மா. மகள் நர்சிங் படித்துப் பாதியில் நின்றுவிட்டாளாம். கடன் மட்டும் பாதியில் நிற்கவில்லையாம். "ரெண்டு லச்சம்மா. அதுக்கே இப்படி நிக்க வச்சிட்டாங்க" என்றாள். முன்னும் பின்னும் கேட்டால் எல்லாரும் அதே மாதிரிதான்: ஒன்று, இரண்டு, மூன்று. பத்தும் இருபதுமாக வாங்கிய ஒருவரையும் அந்த வரிசையில் காணோம். நிறைய வாங்கினவர்கள்தானே நிறையக் கஷ்டப்பட வேண்டும் என்று சிந்துஜா யோசித்தாள். அப்படி இல்லை போலிருக்கிறது.

அவர்கள் முறை வந்தபோது மேசையில் அருண்பிரசாத் இருந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தொகையைச் சொன்னார். அவர்கள் கொண்டுவந்ததற்குள் அடங்கியது. ஆதிமூலம் பெருமூச்சு விட்டார். "அப்ப இவனுக்கு எப்ப சார் லோன் வரும்?"

அருண்பிரசாத் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, அன்னிக்கே இதை நான் தெளிவாச் சொல்லியிருக்கணும். கொறைச்சுக் கட்டி முடிச்சா, கணக்கு முடிஞ்சதுன்னு வராது. சமரசத்துல முடிச்சதுன்னுதான் கிரெடிட் ரிப்போர்ட்ல வரும். உங்க பேர்லயும் வரும், அவங்க பேர்லயும் வரும். சில வருஷத்துக்கு உங்க ஜாமீன்ல புதுசா ஒண்ணும் கெடைக்காது."

"பின்ன எதுக்கு சார் வரச் சொன்னீங்க?" என்றாள் சிந்துஜா. குரல் உயரவில்லை, உயர்த்த வரவில்லை.

"இதே பணத்தைத் தவணை பாக்கிக்குன்னு கட்டலாம். கணக்கு ஒழுங்காயிடும். தம்பிக்கு அப்ளை பண்ணலாம், நானே எழுதி அனுப்புறேன். ஆனா மீதி கடன் அப்படியே நிக்கும். நீங்க மாசாமாசம் கட்டியாகணும். ரெண்டுல எதுன்னு பேசிட்டு வாங்க. அடுத்தவங்களை அதுக்குள்ள பாக்குறேன்."

ஆதிமூலம் மகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். ஒரு பிள்ளையைக் கரையேற்றினால் இன்னொன்று உள்ளே போகும். "எனக்குச் சொல்லத் தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார்.

அக்காவும் தம்பியும் சுவரோரம் நின்றார்கள். பாக்கியைக் கட்டலாம் என்று சொல்ல சிந்துஜா வாயெடுத்தாள். சொல்லித்தான் ஆக வேண்டும், அவள் மூத்தவள். ஆனால் வேதாவின் பிடித்தம், அதோடு இந்தத் தவணை, அதோடு வங்கியிலிருந்து காலையில் வரும் போன், எல்லாம் கண்முன் வந்து நின்றன.

"முடிச்சிடுக்கா" என்றான் வளவன்.

"தியாகம் பண்றியா? அதெல்லாம் வேணாம் எனக்கு."

"தியாகம் இல்லக்கா. எனக்கு பயமா இருக்கு." அவன் ரொம்ப நாளாக அதைச் சொல்ல வைத்திருந்தவன் மாதிரி சொன்னான். "போன் அடிச்சா நீ நம்பரைப் பாத்துட்டுக் கவுத்து வைப்பியே, நான் ஆறாவது படிக்கும்போதுலேர்ந்து பாக்குறேன். ஸீட் கெடச்ச அன்னிக்கே எனக்கு அந்த போன்தான் ஞாபகம் வந்துச்சு. நாலரை வருஷம் படிச்சுட்டு வந்து, ஒரு கிளினிக்ல பத்தாயிரத்துக்கு நிப்பேன். அப்புறம் நானும் போனைக் கவுத்து வைக்கணும். என்னால கட்ட முடியலன்னா உன்னத்தான் கேப்பாங்க."

"அப்படித்தான் ஆகும்னு என்னடா நிச்சயம்?"

"ஆகாதுன்னு நீ சொல்லு. சொன்னா போறேன்."

சிந்துஜா அவனைப் பார்த்தாள். மீசை அரும்பிய முகம். ஆகாது என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. நீ நன்றாக வருவாய், என் மாதிரி ஆகாது என்று சொல்ல வேண்டும். முதல் கடனுக்கு அவளை வங்கிக்குக் கூட்டிப்போன பள்ளி டீச்சர் அன்று அவளிடம் அதைத்தான் சொன்னார்.

மேசைக்குத் திரும்பிப் போய், "முடிச்சிடலாம் சார்" என்றாள். கையெழுத்துப் போட்டார்கள். ஆதிமூலம் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். அருண்பிரசாத் வளவனிடம், "ஆர்ட்ஸ் காலேஜ்ல இன்னும் ரெண்டொரு இடம் காலியா இருக்குன்னு கேள்விப்பட்டேன்பா, திங்கட்கிழமை போய்ப் பாரு" என்றார். பிறகு அடுத்த ஃபைலை இழுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் சிந்துஜாவின் மனதில் முதலில் வந்தது நிம்மதி. அதற்குப் பின்னாலேயே, தம்பியின் இடத்தை விற்று அந்த நிம்மதியை வாங்கிவிட்டோம் என்ற கூச்சம் வந்தது. பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தான். அவன் முகத்தில் வருத்தத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள். இருந்ததா இல்லையா என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை.

வளவன் அரசுக் கல்லூரியில் இயற்பியலில் சேர்ந்தான். வருடக் கட்டணத்தை ராணியம்மாள் ஒரு பௌர்ணமி வியாபாரத்தில் கட்டினாள். பெங்களூர் மெயிலுக்கு சிந்துஜா மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டாள். அவர்கள் அதற்கு ஒன்றும் எழுதவில்லை. நந்தினியின் வீட்டுக்குப் போகவில்லை. அயர்லாந்துக்குத் திரும்புகிற அன்று நந்தினி விமான நிலையத்திலிருந்து, "ஏமாத்திட்டியேடி" என்று செய்தி அனுப்பினாள். சிரிக்கிற முகம் ஒன்றைப் பதிலாக அனுப்பினாள் சிந்துஜா.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுதியில் கூட்டம் கம்மி என்று வேதா அவளுக்கு லீவு கொடுத்திருந்தாள். மதியம் வளவன் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இன்டெக்ரேஷன்க்கா. நீ படிச்சதுதானே, சொல்லிக் குடேன்."

நோட்டையும் பேனாவையும் வாங்கிப் பார்த்தாள். முதல் இரண்டு வரி புரிந்தது. மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். அதைக் கற்றுக்கொள்ளத்தான் அத்தனை கடனும். கடன் ஞாபகம் இருந்த அளவுக்குக் கணக்கு ஞாபகம் இல்லை.

"மறந்துட்டேன்டா. கொஞ்சம் பொறு, யோசிக்கிறேன்."

யோசித்துக்கொண்டே சுவரில் சாய்ந்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவளையறியாமல் கண் மூடியது. வளவன் பேனாவை அவள் விரலிலிருந்து மெல்ல எடுத்துவிட்டு, அதே கணக்கை மறுபடி முதலிலிருந்து போட ஆரம்பித்தான். ராணியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "எழுப்பாதடா, தூங்கட்டும்" என்றாள்.