முயல் கத்தினால் இருமுகிறவர்கள்

முயலைக் கொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்காக நான் மூன்று வாரம், அம்மாவின் பழைய ஸ்வெட்டர் கையை நனைத்து, அதற்குள் கேரட்டைத் திணித்து, சமையலறையில் நின்று ஒடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு யாரு கழுத்து?" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடியே.

"முயலு."

"உங்க அத்தானோடதுன்னுல்ல நெனச்சேன். அவ்வளவு ஆசையா ஒடிக்கிற."

அம்மா நினைத்ததில் பாதி சரி. வேட்டைக் கூட்டத்துக்கு நாலு பேர்தான், அது அரசாங்கச் சட்டம். இடுப்பு எலும்பை மாற்றிய பிறகு அப்பாவால் எங்கள் தீவின் எரிமலைச் சாம்பலில் நடக்க முடியாது. நாலாவது இடம் காலி. அக்காவின் கணவன் நாவ்ஸேத் அது தனக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டான். இடம் யாருக்கோ அப்பாவின் நாயும் அவருக்கு. லாபாவைக் கண் திறக்காத குட்டியிலிருந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது நான். அவள் பெயரை நாவ்ஸேத் இன்றைக்கும் தப்பாகக் கூப்பிடுகிறான்.

ஆகவே நானும் கேட்டேன். கூட்டத்தின் தலைவர் மாக்சிமினோ மாமா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு பரீட்சை வைத்தார். உன் கையில் மூன்று முயல் சாக வேண்டும், ஒன்றுகூடக் கத்தக் கூடாது, ஒன்று கத்தினாலும் நடையைக் கட்டு. நாவ்ஸேத்துக்கு இந்தப் பரீட்சை கிடையாது. அவனைக் கேட்டது ஒரே கேள்விதான்: ஜீப் இருக்கா?

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். பக்கத்துத் தீவில் ஐந்து வருஷம் கால்நடை மருத்துவம் படித்தேன். மண்டை எங்கே முடிகிறது, முதல் கழுத்தெலும்பு எங்கே தொடங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு படம் போடுவேன். ஆனால் அந்த ஐந்து வருஷத்தில் வெறும் கையால் ஓர் உயிரையும் எடுத்ததில்லை. அங்கே எல்லாவற்றுக்கும் ஊசி.

"டாக்டரு, ஊசி கொண்டாந்தியா?" ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு சானோ அண்ணன் வரவேற்றது இப்படித்தான். அவர் ரொட்டிக்கடைக்காரர். ஊர் வம்பும் அவர் கடையில்தான் சுடச்சுடக் கிடைக்கும்.

"உங்களுக்கு ஒண்ணு மட்டும் கொண்டாந்தேன். வாய்க்குப் போடுறது."

கூட்டத்தின் மூன்றாவது ஆள் உபால்டோ பேசவில்லை. அவர் எப்போதுமே பேசுவதில்லை. அவர் தோளில் மரப்பெட்டி, பெட்டிக்குள் ஃபெரெட். கீரியைப் பிடித்து இழுத்து நீட்டிவிட்டதுபோல ஒரு பிராணி, வாய்க்குக் கட்டு, கழுத்தில் மணி. திராட்சைத் தோட்டம் முழுக்கக் கறுப்புச் சாம்பலில் வட்ட வட்டக் குழி, குழிக்கு ஒரு கொடி, கொடிக்குக் காற்றுத் தடுப்பாக அரைவட்டக் கல்சுவர். முயல்கள் அந்தச் சுவருக்குள் குடியிருந்துகொண்டு கொடியின் துளிரைத் தின்கின்றன. நாய் மோப்பம் பிடித்துக் காட்டும். நாலு கல்லை உருவி ஃபெரெட்டை உள்ளே விட்டால் முயல் வெளியே பாயும். துப்பாக்கி கிடையாது. நாய் உயிரோடு கவ்வி வந்து தனக்குப் பிடித்த கையில் கொடுக்கும். மிச்சம் அந்தக் கையின் வேலை. உருவிய கல்லைத் திரும்ப அடுக்காமல் போனால் தோட்டக்காரர் அடுத்த வாரம் உள்ளே விடமாட்டார்.

கூட்டத்துக்கென்று வேறொரு சட்டமும் உண்டு. எங்கும் எழுதி வைக்காதது. ஒருவர் கையில் இருக்கும் முயலை இன்னொருவர் தொடக் கூடாது. இதை மீறியதால்தான் போன வருஷம் பக்கத்து ஊரில் ஒரு கூட்டம் உடைந்து, அண்ணன் தம்பி இன்னும் பேசிக்கொள்வதில்லை.

முதல் சுவரிலேயே முயல் கிளம்பியது. லாபா இரண்டே தாவலில் பிடித்து, யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தாள்.

கேரட்டுக்கு இதயம் துடிக்காது. எனக்கு யாரும் சொல்லவில்லை. பின்னங்கால்களை இடது கையில் பிடித்தேன். வலது கை தலைக்குப் போக வேண்டும். போனது, ஆனால் இடது கையும் கூடவே போய்விட்டது. முயல் என் வயிற்றில் ஓர் உதை விட்டு, தொப்பியை மிதித்து, சுவரைத் தாண்டிப் போயே போய்விட்டது. நாய்கள் நாலும் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சானோ அண்ணன் சாம்பலில் உட்கார்ந்தே விட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"முடிஞ்சுது. வீட்டுக்குப் போ புள்ள," என்றார் மாக்சிமினோ மாமா.

"எதுக்கு? கத்துச்சா?"

"ஓடிருச்சே."

"கத்தக் கூடாதுன்னுதான சொன்னீங்க? ஓடக் கூடாதுன்னு எப்பச் சொன்னீங்க?"

"அவ சொல்றது வாஸ்தவம் மாமா," என்றார் சானோ அண்ணன். "அது பாட்டுக்கு சந்தோசமாத்தான் போச்சு. நான் மொகத்தப் பாத்தேன்."

மாமா முறைத்தார். ஆனால் அவர் நியாயஸ்தர் என்று பெயர் எடுத்தவர், அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டும். "கணக்குல சேராது," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சுவருக்கு நடந்தார்.

அடுத்ததும் எனக்கே வந்தது. இந்த முறை கை யோசிக்கவில்லை. கால்கள் இடது கையில். காதுக்குப் பின்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். நீளமாக ஓர் இழுப்பு, அந்த இழுப்பிலேயே தலையைப் பின்பக்கமாக ஒரு மடக்கு. உள்ளே ஏதோ வழிவிட்டது. விரல் நுனியால் கருவிழியைத் தொட்டேன். இமை அசையவில்லை. என்ன நடந்தது என்று அதற்குத் தெரிவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறொன்று. காது சூடாகி, இரண்டு கோப்பை திராட்சை மது குடித்தவள்போல ஆனேன். உயிரை எடுத்துவிட்டு இப்படி மிதக்கலாமா என்றால், மிதந்தேன், அவ்வளவுதான். துளி வலி இல்லாமல் செய்ய முடியும் என்று புத்தகத்தில் படித்ததை என் கை செய்துவிட்டது. ஐந்து வருஷப் பரீட்சைகளில் எதிலும் எனக்கு இப்படி இருந்ததில்லை.

"டாக்டரு ஏன் தனியா இளிக்குது?" என்றார் சானோ அண்ணன்.

"ஒண்ணு," என்றேன்.

மூன்றாவது சுவரில் பிடிபட்டதை வேறொரு நாய் மாக்சிமினோ மாமாவிடம் கொடுத்தது. மாமா முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். உடனே சானோ அண்ணனுக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை, நெஞ்சுக்கூடு கழன்று விழுகிற இருமல். உபால்டோ தொண்டையைக் காறினார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர், திடீரென்று நாய்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், தன் காலில் சாய்ந்து நின்றதையும் சேர்த்து.

"என்ன ஆச்சு? தூசியா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"ஆமா, தூசி."

"காத்தே இல்லையே."

"இது பழைய தூசி. உள்ள இருக்கறது."

ஆனால் இருமலுக்கு அடியில் கேட்டுவிட்டது. கைக்குழந்தையைக் கிள்ளினால் வருமே, அந்தக் குரல். ஒன்று, இரண்டு, மூன்றாவது அடியில்தான் நின்றது. மாமா கழுத்தை இழுக்கவில்லை, கையை வெட்டுக்கத்திபோல் வைத்து அடித்துக்கொண்டிருந்தார். பிறகு மாமா தண்ணீர் குடிக்கும்போது கவனித்தேன். பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிடித்திருந்தார். வலது கட்டைவிரலின் அடிமூட்டு எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அந்த விரலால் பிடிக்க முடியாது. இழுக்கவும் முடியாது.

சானோ அண்ணனைத் தனியாக ஒதுக்கினேன். "எத்தன நாளா?"

"ரெண்டு வருசம். வாய மூடு."

"நீங்க இருமினா அதுக்கு வலிக்காதா?"

"அவருக்கு வலிக்காதுல்ல."

எனக்கு மண்டை சூடாகிவிட்டது. என் கையில் ஒன்று முனகினால் போதும், இடமும் போகும் நாயும் போகும். அவர் கையில் ரெண்டு வருஷமாகக் கத்துகிறது, அதற்கு இரண்டு பேர் பக்கவாத்தியம்.

நாலாவது சுவரில் பெரிய கிடா முயல். மறுபடியும் மாமா கையில். முதுகைத் திருப்பினார், இருமல் தொடங்கியது, முதல் அடி விழுந்தது, அது கத்தியது. அடுத்து நான் யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் சட்டம் ஞாபகம் வந்திருக்கும். இரண்டு எட்டில் போய் அவர் கையிலிருந்து பிடுங்கினேன். இழுப்பு, மடக்கு. கண்ணைத் தொட்டேன். முடிந்திருந்தது.

சானோ அண்ணனின் இருமல் பாதியில் நின்றது. நாய்கள்கூட உட்கார்ந்துவிட்டன.

நான் முயலைத் திரும்ப நீட்டினேன். மாமா வாங்கிப் பையில் போட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு குனிந்து, உருவிய கற்களைச் சுவரில் அடுக்கத் தொடங்கினார். இடது கையால். எல்லோரும் போய் அடுக்கினோம். என் இடம் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். லாபாவை நாவ்ஸேத்தின் ஜீப்பில் நான்தான் ஏற்றிவிட வேண்டியிருக்கும், அவன் கூப்பிட்டால் அவள் ஏறமாட்டாள். இதை நினைத்தால் அழுகை வரவேண்டும். எனக்கோ அடக்க முடியாத சிரிப்பு, உதட்டைக் கடித்துக்கொண்டு கல் எடுத்துக் கொடுத்தேன். நான் செய்தது சரி. அது ஒரு போதைபோல ஏறியிருந்தது.

கடைசிக் கல்லை வைத்துவிட்டு உபால்டோ கையைத் தட்டினார்.

"என் தொண்டை புண்ணாப் போச்சு, மாக்சிமினோ," என்றார். "ரெண்டு வருசமா."

மாமா நிமிரவில்லை. "கல்லு சரியா உக்காரல," என்றார். நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது. எடுத்துத் திரும்ப வைத்தார்.

வெயில் ஏறிவிட்டது. கடைசியாக ஒரு சுவர் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றார்கள். ஃபெரெட்டின் மணி உள்ளே குலுங்கிக் குலுங்கித் தேய்ந்தது, பிறகு முயல் பாய்ந்தது, லாபா பிடித்தாள். என்னிடம் வருவாள் என்று கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் மாமாவின் கையில் வைத்தாள். துரோகி.

சானோ அண்ணன் முஷ்டியை வாய்க்குக் கொண்டுபோய்விட்டார். மாமா திரும்பிக்கொள்ளவில்லை. முயலைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்த மலையைப் பார்த்தார்.

"இதக் கொஞ்சம் பிடி. லேஸ் அவுந்திருச்சு."

முயலை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தார். அவர் போட்டிருந்தது லேஸே இல்லாத, காலை நுழைத்து இழுத்து மாட்டுகிற பூட்ஸ்.

நான் என் வேலையைச் செய்தேன். கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். அவர் இன்னும் குனிந்தேயிருந்தார், பூட்ஸின் தோலை விரலால் நீவிக்கொண்டு.

"கட்டியாச்சா மாமா?"

"இரு. ரெட்ட முடிச்சு."

சானோ அண்ணன் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மாமா நிமிர்ந்தார். "ஆச்சா?"

"எப்பவோ."

"கேக்கவே இல்லையே."

"கேக்காது."

முயலை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். அவருடைய முயல்தானே. "வர்ற ஞாயித்துக்கிழம ஆறு மணிக்கு வந்துரு. ஏழு மணிக்கு வந்து நிக்கிறது டாக்டருங்க பழக்கம். உங்க அத்தான்கிட்ட நானே பேசிக்கறேன்."

"அப்ப மூணும் ஆச்சு," என்றேன். சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியாது.

"அதுல ரெண்டு என் கைக்கு வந்த முயலு."

"அதுங்களும்தான் கத்தல."

"அதுல ஒண்ணு கத்துச்சு," என்றார் மாமா, மெதுவாக. "உன் கைக்கு வர்றதுக்கு முன்னாடி." சொல்லிவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

பக்கத்திலிருந்த திராட்சைக் குழியில் சரிந்து உட்கார்ந்தேன். செருப்பு, சட்டை, காது எல்லாம் கறுப்புச் சாம்பல். லாபா மேலே ஏறி முகத்தை நக்கினாள், நான் சத்தம் போட்டுச் சிரித்தேன், கொடியில் இருந்த புளித்த திராட்சை நாலைந்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டு இன்னும் சிரித்தேன். மேலேயிருந்து சானோ அண்ணன், திராட்சைக்குக் காவல்காரன் வருவான், எழுந்து வா புள்ள என்று கத்தினார். எழுந்திருக்க முடிந்தால்தானே.