டாக்டர் அஃப்ரினுக்காகக் காத்திருந்த நோய்கள்

2022ஆம் ஆண்டு ஜூலை பதினோராம் தேதி, திங்கட்கிழமை முற்பகல் தொடங்கி, மலேசியாவின் கிள்ளானில், தாமான் மெலூர் குடியிருப்பின் பி புளோக்கில், நாற்பது வீடுகளில் யாருக்கும் இரண்டு ஆண்டு இருபத்தொரு நாள், ஒரே ஒரு பிற்பகல் தவிர, நோய் வரவில்லை. அதே காலத்தில் கோழி விலை மூன்று முறை ஏறியது, மோட்டார் சைக்கிள் கொட்டகையின் கூரை ஒரு முறை காற்றில் போனது, மூன்றாம் மாடியில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. குழந்தைகளுக்குப் பல் முளைத்தது, காய்ச்சல் இல்லாமலே முளைத்தது. பக்கத்து ஏ புளோக்கில் டிங்கிக் காய்ச்சல் வந்து பதினாறு பேர் படுத்தார்கள். கொசு இரண்டு புளோக்குக்கும் பொது. ஆனால் பி புளோக்கில் கடித்த இடத்தில் அரிப்பு வந்ததோடு சரி.

அந்தத் திங்கட்கிழமைதான் நான்காம் மாடியில் குடியிருந்த டாக்டர் அஃப்ரின் தன் மருத்துவச் சான்றிதழ்களைச் சரிபார்ப்புக்கு அனுப்பினாள். அதிராம்பட்டினத்துப் பெண். தஞ்சாவூர்ப் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் ஏழு வருடம் நின்றே வேலை பார்த்தவள். கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் இருந்த அசாருதீனைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்ததும் அவள் டாக்டர் இல்லை என்று ஆகிவிட்டது. அவள் படித்த கல்லூரியிடமே கேட்டு, இவள் எங்களிடம்தான் படித்தாள் என்று எழுத்தில் வாங்கி, அதை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஒப்புக்கொண்ட பிறகுதான் இங்குள்ள பதிவு அலுவலகம் அவள் கோப்பைத் திறக்கும். மூன்று மாதம் ஆகும் என்று இணையத்தில் போட்டிருந்தது.

கல்லூரி அதற்குள் இரண்டு முறை பெயர் மாறியிருந்தது. சான்றிதழில் கையெழுத்துப் போட்ட பதிவாளர் ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருந்தார். இதுபோக அவள் பெயரே ஒரு பிரச்சினை. சான்றிதழில் ஜே. அஃப்ரின். பாஸ்போர்ட்டில் அஃப்ரின் ஜமால் முகமது. இங்கே கொடுத்த திருமணப் பத்திரத்தில் அப்ரின் பிந்தி ஜமால் முகமட்; பிந்தி என்றால் மகள். மூவரும் ஒருத்திதான் என்று சத்தியம் செய்து முத்திரை வாங்க, அவள் கொமுட்டர் ரயிலேறி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். மாடியில் உட்கார்ந்திருந்த சத்தியப்பிரமாண ஆணையர் மூன்று தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மூணு பேருல இப்ப யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது.

அவளோடு போனவர் எதிர்வீட்டு சீவரத்தினம். வயது எழுபத்து நான்கு. யாழ்ப்பாணத்து வம்சம், நில அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் இங்கே வந்த குடும்பம், ஆனாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. கோப்பு என்றால் அவருக்குச் சாப்பாடு மாதிரி. அஃப்ரினின் கடிதங்களை அவரே எழுதினார், மொத்தம் நாற்பத்தாறு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார், நகல் வைத்தார், பதில் வராத கடிதத்துக்கு நினைவூட்டல் அனுப்பினார், நினைவூட்டலுக்கும் ஒரு நினைவூட்டல் அனுப்பினார். "பிள்ளை, அலுவலகம் கெட்டதில்லை. அதுக்கு ஞாபகம் குறைவு, அவ்வளவுதான்" என்பார். அவர் மனைவி புனிதவதி பிட்டு அவித்து, ஒரு பங்கு எதிர்வீட்டுக்கு என்று வைத்துவிடுவார்.

மூன்று மாதம் ஒரு வருடமானது. கோப்பை அனுப்பிய மாதத்திலிருந்தே அஃப்ரின் கீழ்த்தளத்தில் டாக்டர் முகுந்தன் நடத்திய கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்தாள். பெயர் எழுதுவது, எடை பார்ப்பது, மாத்திரையை உறையில் போடுவது. மூச்சு வாங்குகிற நோயாளியைப் பார்த்தவுடன் அவளுக்கு விஷயம் புரியும், வாயைத் திறக்கமாட்டாள். பேனாவை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொள்வாள். முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். பதிவேட்டில் ஏ புளோக் இருந்தது, கடை வரிசை இருந்தது, தூரத்துப் பூச்சோங்கிலிருந்து வந்தவர்கள்கூட இருந்தார்கள். பி புளோக் ஒரு வரிகூட இல்லை.

முகுந்தன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். "உங்க புளோக்ல எல்லாரும் என்ன சாப்பிடுறாங்க?" என்றார்.

"எல்லாரும் சாப்பிடறதுதான் டாக்டர். ரெண்டாம் மாடி மலர்விழி அக்கா மூணு வேளையும் மேகி."

காரணம் தெரிந்தது 2023 நவம்பரில், ஒரு புதன்கிழமை. இணையத்தளத்தில் ஏதோ தவறு நடந்து, பிற்பகல் இரண்டு மணிக்கு அஃப்ரினின் விண்ணப்பத்துக்கு நேரே 'பதிவு செய்யப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது. அசாருதீன் துறைமுகத்திலிருந்து அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு கேக்கோடு ஓடிவந்தான். அவன் படியேறும்போதே ஒவ்வொரு மாடியிலும் இருமல் சத்தம் கேட்டது. மூன்று மணிக்குள் இருபத்தெட்டு பேருக்குக் காய்ச்சல். மலர்விழிக்கு ஆஸ்துமா. சீவரத்தினம் தபால்பெட்டிக்குப் போய்த் திரும்பும் வழியில் இரண்டாம் மாடிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அஃப்ரின் ஓடிவந்து அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினாள், ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்தாள், ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். அது நெரிசலில் நின்றது. ஆறு மணிக்கு இணையத்தளம் தன் தவறைத் திருத்தி, 'பரிசீலனையில் உள்ளது' என்று மாற்றியது. உடனே இருமல் நின்றது. சீவரத்தினம் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு மீதிப் படிகளை ஏறினார். வந்து சேர்ந்த ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைச் சோதித்துவிட்டு, இருபது வயதுப் பையனின் இதயம் என்று எழுதிக்கொடுத்துப் போனார்கள்.

அன்றைக்குத்தான் புனிதவதி பழைய காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். அஃப்ரின் இந்தப் புளோக்குக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்டது. சீவரத்தினத்தின் இதயக் குழாய்கள் இரண்டில் அடைப்பு, அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் ஆறு மாதம். அவர் பயந்துபோய் மறுத்திருக்கிறார். ஆறு மாதம் முடிகிற வாரத்தில்தான் அஃப்ரின் கோப்பை அனுப்பினாள். இப்போது அடைப்பைச் சரிசெய்துவிடலாம் என்று அவரை அழைத்துப் போனால், எந்த மருத்துவமனையிலும் படத்தில் அடைப்பு தெரியவில்லை. இல்லாத நோய்க்கு யாரும் கத்தி வைக்கமாட்டார்கள். நோய்கள் அவளுக்காகக் காத்திருந்தன. தங்களைப் பார்க்கிற உரிமை அவளுக்கு வரும்வரை வேறு யாரிடமும் போவதில்லை என்று இருந்தன. புளோக்கில் எல்லோருக்கும் இது தெரியவந்தது, யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. நல்ல டாக்டருக்குக் கூட்டம் காத்திருப்பது கிள்ளானில் வழக்கம்தான்.

அதிராம்பட்டினத்தில் அஃப்ரினின் வாப்பா ஜமால் முகமது, மகளின் கல்லூரிக்குத் தினமும் பஸ் ஏறிப் போய் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்தார். யாரையும் திட்டவில்லை. பத்து மணிக்குப் போய் சலாம் சொல்வார், ஐந்து மணிக்கு எழுந்து மறுபடி சலாம் சொல்வார். எழுபத்து மூன்றாம் நாள் ஓர் உதவியாளருக்குத் தாங்க முடியாமல் போய், ஏணி போட்டுப் பழைய பதிவேட்டை இறக்கினார். ஜே. அஃப்ரின் அதில் இருந்தாள், உடற்கூறியலில் தங்கப் பதக்கத்தோடு. 2024 ஜூலை மூன்றாம் தேதி கடைசிக் கடிதம் வந்தது. எல்லாம் சரி. முப்பது நாளுக்குள் இணையத்தில் ஒப்பம் இட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். தவறினால் முதலிலிருந்து விண்ணப்பிக்கலாம்.

மறுநாள் காலை புனிதவதி பிட்டோடு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மின்விசிறியைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். போகும்போது அஃப்ரினின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் ஒரு முறை வைத்துக்கொண்டு போனார். அந்தக் கன்னம் ஈரமாக இருந்தது.

அஃப்ரின் ஒப்பம் இடவில்லை. பத்து நாள் போனது, இருபது நாள் போனது. அசாருதீன் ஒரே ஒரு முறை கேட்டான். "அஃபி, ரெண்டு வருஷம் கவுண்டர்ல உக்காந்துட்டலா. இன்னும் எத்தனை வருஷம்?"

"எத்தனை வருஷம் வேணாலும் உக்காருவேன் மச்சான். அங்கிள் நடந்துகிட்டு இருக்காங்கல்ல."

இருபத்தெட்டாம் நாள் சீவரத்தினம் தன் கோப்போடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். நாற்பத்தாறு கடிதமும் அதில் இருந்தன. அவர் அவளோடு கோபமாகப் பேசியது அந்த ஒரு நாள்தான்.

"நான் நாப்பது வருஷம் அரசாங்க வேலை பார்த்தனான். முடிஞ்ச ஃபைலை ஒருத்தரும் மேசையில வைச்சுக்கொண்டு இருக்கக் கூடாது."

"இது ஃபைல் இல்ல அங்கிள். உங்க உசுரு."

"அது எனக்குத் தெரியாதே? நெஞ்சுக்குள்ள அது வாசல்ல நிக்கிற மாதிரி எந்த நேரமும் நிக்குது பிள்ளை. செருப்பைக் கழட்டிப் போட்டு, கூப்பிடுவினம் எண்டு பார்த்துக்கொண்டு நிக்குது. எத்தனை நாளைக்கு ஒருத்தரை வாசல்லயே நிப்பாட்டுறது?" அவர் குரல் தாழ்ந்தது. "அது வந்தால்தான் வைத்தியம் செய்யலாம். வரேக்க நீர் பக்கத்தில நிக்க வேணும். வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்."

அஃப்ரின் வெகுநேரம் அந்தக் கோப்பின் நாடாவைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பிறகு, "வீட்ல வேணாம் அங்கிள்" என்றாள்.

ஆகஸ்ட் முதல் தேதி, வியாழக்கிழமை. புளோக்கில் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லியாகிவிட்டது. மலர்விழி தொழிற்சாலையில் விடுப்புக் கேட்டு, மருத்துவ விடுப்புச் சீட்டு நாளைக்குத் தருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள். முகுந்தன் இரண்டு பெட்டி பாராசிட்டமால் கூடுதலாக வரவழைத்தார். சீவரத்தினம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, மருத்துவமனையின் அவசரப் பிரிவில், பரிசோதனை அறைக் கதவுக்கு மிக அருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் மாற்றுத் துணிப் பையோடு புனிதவதி, மறுபக்கம் கைப்பேசியோடு அஃப்ரின். என்ன பிரச்சினை என்று கேட்ட தாதியிடம் அசாருதீன், "இன்னும் வரல சிஸ்டர், வந்தவுடனே சொல்றோம்" என்றான். தாதி தலையாட்டிவிட்டுப் போனார்.

பத்து மணி நாற்பது. அஃப்ரின் ஒப்பமிடும் பக்கத்தைத் திறந்தாள். சீவரத்தினம் எட்டிப் பார்த்தார். "பேரைச் சரியாப் போட்டிருக்கினமோ?"

"போட்டிருக்காங்க அங்கிள். டாக்டர் அஃப்ரின் ஜமால் முகமது."

"அப்ப அழுத்தும்."

அழுத்தினாள். அவர் புனிதவதியைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவர், பாதியில் நெற்றி வியர்த்து அஃப்ரினின் தோளில் சாய்ந்தார். அவள் அவரைத் தாங்கிக்கொண்டே கதவைக் கையால் தள்ளினாள். "எழுபத்தாறு வயசு, நெஞ்சு வலி, ஆரம்பிச்சு ஒரு நிமிஷம், ரெண்டு குழாயில அடைப்பு" என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள். உள்ளே இருந்த இளம் மருத்துவர், நீங்கள் யார் என்று கேட்டார்.

"நான் டாக்டர்" என்றாள் அஃப்ரின். அதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது.

சரியாக நாற்பது நிமிடத்தில் அடைப்பு இரண்டும் திறக்கப்பட்டன. வலி தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் யாரும் வந்து சேர்ந்து தாங்கள் பார்த்ததில்லை என்று அந்த மருத்துவர்கள் சொன்னார்கள். ஐந்தாம் நாள் சீவரத்தினம் வீடு திரும்பி, மெதுவாக, மாடிக்கு மாடி நின்று, படியேறினார். புனிதவதி ஒவ்வொரு படிக்கும் பின்னாலிருந்து கையை நீட்டியபடியே ஏறினார்.

மற்ற நோய்கள் ஒரே நாளில் வந்து விழவில்லை. இரண்டு வருடம் பொறுத்தவை இன்னும் பதினைந்து நாள் பொறுத்தன. தரைத்தளத்திலிருந்து தொடங்கி, வீட்டு எண் வரிசையில், ஒரு நாளைக்கு மூன்று வீடு என்று வந்தன. முகுந்தன் கிளினிக்கின் இரண்டாம் அறையில் உட்கார்ந்து அஃப்ரின் எல்லோரையும் பார்த்தாள். தள்ளிப்போயிருந்த சளி, அம்மை, மலர்விழியின் ஆஸ்துமா, கணக்கில் வராத தலைவலிகள். பேரைக் கூப்பிட்டால் கதவைத் திறந்துகொண்டு வருகிறவர்கள் நோயாளிகள் மாதிரி வரவில்லை, கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மாதிரி வந்தார்கள்.

அதற்குப் பிறகு பி புளோக்கில் மற்ற இடங்களைப் போலவே நோய் வருகிறது. கிளினிக் நேரத்தில் மட்டும் வருகிறது. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில், பகல் ஒன்றிலிருந்து மூன்று வரை, வருவதில்லை. போன டிசம்பரில் அஃப்ரின் வாப்பாவைப் பார்க்கப் பதினான்கு நாள் ஊருக்குப் புறப்பட்டாள். அசாருதீன் பெட்டியைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தபோது புனிதவதி கதவைத் திறந்தார்.

"எப்ப திரும்பி வாறீர் பிள்ளை?"

"பதினேழாம் தேதி ராத்திரி ஆன்டி."

புனிதவதி உள்ளே போய்க் காலண்டரில் பதினெட்டாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு வந்தார். "சரி, ஆறுதலாப் போயிட்டு வாரும். எனக்கு ஒரு இருமல் இருக்கு. அண்டைக்கு வைச்சுக்கொள்ளுறன்."