சுவரில் முட்டும் படிகள்

கூட்டம் ரயில் நிலையத்தின் காத்திருப்போர் அறையில் நடந்தது. வந்திருந்தவர்கள்: பயணிகள் சங்கத் தலைவர், மின்விசிறிக்கு நேர்கீழே, அங்கிருந்த ஒரே கைவைத்த நாற்காலியில். அவருடைய மைத்துனர் மருந்துக்கடைக்காரர், தலைவர் வாயைத் திறக்குமுன்பே தலையாட்ட வசதியாக, இடப்பக்கத்தில். ஓய்வுபெற்ற குமாஸ்தா, மூலையில், தூக்கத்தில். என் அக்கா, வாசலோர பெஞ்சில், வீங்கிய முழங்காலை நீட்டியபடி. செயலாளனாகிய நான், காகிதத்தோடு, ஸ்டூலில்.

எங்கள் நிலையத்துக்கு மேற்கே மட்டும்தான் வாசல். கிழக்குத் தெருக்காரர்கள் வீட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மேம்பாலம் ஏறி இறங்கி, ரயில்வே கேட் வரை சுற்றித்தான் போகவேண்டும். அக்காவும் அப்படித்தான் தினமும் ரயிலில் தையல் ஆலைக்குப் போய் வருகிறாள். இந்த முழங்காலோடு இனி முடியாது, வேலையை விட்டுவிடு என்கிறார் மருத்துவர்.

கிழக்கே முன்பு பொதுவழி இருந்ததென்றால் மறுபடி திறக்கலாம், நிலையத்தின் வரலாற்றை எழுதியனுப்புங்கள் என்று ரயில்வே அலுவலகம் கேட்டிருந்தது. இரண்டாம் நடைமேடைக் கோடியில் கற்படிகள் கிழக்கே இறங்கி, நேராக ஒரு சுவரில் முட்டி நிற்கின்றன. சுவருக்கு அப்பால் தலைவரின் சிமெண்ட் கிடங்கு. அவருக்கு வேண்டியது வரலாறு அல்ல, சுவர்.

"கிழக்கால எந்தக் காலத்துலயும் வழி கிடையாதுன்னு எழுதுப்பா."

எழுதினேன்.

"அப்ப அந்தப் படி எதுக்குண்ணே? சுவத்துக்குள்ள பூந்து போறதுக்கா?" என்றாள் அக்கா.

"காத்து வாங்க உக்காரக் கட்டினதும்மா."

"கரி எஞ்சின் காலத்துல காத்தா வாங்குவாங்க? மூஞ்சி பூரா கரிதான் வாங்கியிருப்பாங்க."

"அந்தக் காலத்துக் கரி சுத்தமான கரி அக்கா," என்றார் மருந்துக்கடைக்காரர். இவரிடம்தான் ஊரே மருந்து வாங்குகிறது.

தலைவருக்கு அதோடு திருப்தி வரவில்லை. "எங்க தாத்தாவப் பத்தியும் ரெண்டு வரி போடு. தினம் காலையில அந்தப் படியேறித்தான் ரயிலுக்கு வருவாரு. அவரு உக்கார்ற வரைக்கும் கார்டு கொடியசைக்க மாட்டான்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முழங்காலைத் தடவிக்கொண்டே, "பாவம், ஒத்தையாவா வருவாரு?" என்றாள்.

"ஒத்தையாவா! எங்க தாத்தாவ என்னன்னு நெனச்சே? கிழக்குத் தெரு மொத்தமும் அவரு பின்னாலதான் படியேறும்!"

"மொத்தமும்னா பத்தாது மாமா, பொதுமக்கள் திரளாகன்னு போடச் சொல்லுங்க," என்றார் மைத்துனர்.

போட்டேன். சொன்னவர் சொன்னபடியே எழுதி, உரக்கப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குவது எங்கள் சங்கத்து வழக்கம். முதல் பத்தியில் வழியே கிடையாது. அடுத்த பத்தியில் அதே வழியில் தாத்தாவும் பொதுமக்களும் தினசரி. நிறுத்தி நிதானமாகப் படித்தேன். தாத்தா வந்த இடத்தில் தலைவருக்குக் கண் கலங்கியது. இரண்டு தலைகளும் ஒன்றாக ஆடின. ஒன்றிலும் எதுவும் குலுங்கவில்லை. தலைவர், தாளில் பாதியை அடைத்துக் கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா விழித்து, எதற்கென்று கேட்காமலே கீழே ஒன்று போட்டார்.

"என்னோட தையல் இவ்ளோ சுத்தமா இருக்காது," என்று முணுமுணுத்தபடி அக்கா உறைக்குப் பசை தடவி அழுத்தி ஒட்டினாள்.

"குடு, போற வழியில நானே போட்டுடறேன்," என்று தலைவர் வாங்கிக்கொண்டு போனார். வாசலிலிருந்த தபால்பெட்டிக்குள் உறையைத் தள்ளிவிட்டு, விழுந்ததா என்று ஒருமுறை தட்டியும் பார்த்தார்.