செட்டுக்கு ஓய்வு கொடுத்தவன்

இருபது வருசம் கெணறு வெட்டின முதுகு என்னுடையது. கல்லுக் கூடையைத் தலையில வச்சு ஏறி ஏறி, குனிஞ்சா நிமிர ஒரு நாழி ஆகும், நிமிர்ந்தா குனிய ஒரு நாழி ஆகும். அதனால, மைக்கேல்சாமி கல்யாண வீடுகள்ல பாட்டுப் போடுற தன்னோட ரேடியோ செட்டுக்குக் குழாய் தூக்க ஆள் தேடினப்போ ஓடிப்போய் நின்னேன். எவ்வளவு பெரிய குழாயா இருந்தாலும் உள்ளே காத்துதானே.

ரெண்டு வருசம் மரத்துல குழாய் கட்டினேன், அவிழ்த்தேன். அறுபத்தொண்ணு வைகாசியில, ஆவூர்ப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுல மைக்கேல்சாமி என்னைக் கூப்பிட்டான். என்னைவிடப் பத்து வயசு சின்னவன், ஆனாலும் மொதலாளி.

"அண்ணே, அன்னவாசல் வரைக்கும் ஒரு சோலியாப் போய்ட்டு வாரேன். சாயங்காலம் வரைக்கும் நீங்களே செட்டுல ஒக்காருங்க. ஒழுங்கா முடிச்சிட்டிங்கன்னா இனிமே ஒக்கார்ற வேலைதான். கெடுத்திங்க, கெணத்துக்கே போங்க."

போறதுக்கு முன்னாடி பாடமும் நடத்தினான். சாக்குக்கட்டியால கோடு போட்ட சத்தத் திருகைத் தொடக் கூடாது. முள்ளைப் பாதிப் பாட்டுல தூக்கினா ரெக்கார்டு கீறிப்போகும். நாலு குழாய்க்கு மேல மாட்டக் கூடாது. பாரம் கூடினா பியூஸ் கம்பி தானே மொதல்ல எரிஞ்சு செட்டுப் பெட்டியைக் காப்பாத்தும்.

எனக்குப் புரிஞ்சுபோச்சு. பாரம்தான் எமன். இதை எனக்கு ஒருத்தன் சொல்லித் தரணுமா?

மத்தியானம் உபதேசியார் சந்தனசாமி வந்தார். கோயில்ல செபம் சொல்லிக் கொடுக்கிறவர். "ஏப்பா கொழந்தைசாமி, பொண்ணு மாப்பிள்ளைக்கு செபம் சொல்லணும். அந்தச் சத்தத்தை நிப்பாட்டு."

அப்பத்தான் புது ரெக்கார்டு போட்டிருந்தேன். முள்ளைத் தூக்கக் கூடாது, திருகைத் தொடக் கூடாது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், அடுப்பாக் கொதிச்சுது. காலையிலேர்ந்து நாலு குழாயைச் சுமக்குது, பாவம். நாலு குழாய்க் கம்பியையும் உருவிவிட்டேன்.

வாசல் அமைதியாச்சு. உபதேசியார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பெட்டிக்குள்ள மட்டும் பாட்டு கொசு மாதிரி மெல்லிசாக் கேட்டுது. என் பெஞ்சாதி காத்தாயி தண்ணிக் கொடத்தை எறக்கி வச்சிட்டு இப்படித்தான் முனகுவா. செட்டு எனக்கு நன்றி சொல்லுதுன்னு நெனச்சேன். முதுகுல தட்டிக்கூடக் குடுத்தேன்.

தட்டின எடத்துல சடசடன்னுச்சு. கரிஞ்ச தார் வாடை வந்துச்சு. செபம் முடிஞ்சு கம்பியைத் திரும்ப மாட்டினா செட்டு ஊமை. பியூஸ் கம்பி முழுசா இருந்துச்சு. காவக்காரன் முழிச்சிருக்கையிலேயே வீடு கொள்ளை போயிருந்துச்சு.

சாயங்காலம் வந்த மைக்கேல்சாமியும் பியூஸைத்தான் மொதல்ல பார்த்தான். கரண்ட்டு மேல பழியைப் போடலாமான்னு யோசிச்சேன். கருகின பெட்டியைப் பார்க்கப் பார்க்கப் பொய் சொல்ல வாய் வரலை. நடந்ததைச் சொன்னேன்.

"குழாயை ஏண்ணே கழட்டுனிங்க?"

"செட்டுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கலாம்னு, தம்பி."

அவன் தரையில ஒக்காந்துட்டான். "அது உங்க முதுகு இல்லைண்ணே. பெட்டிக்குள்ள வெளக்கு மாதிரி எரியுற வால்வு தள்ளுற பாட்டு எங்கிட்டாச்சும் போயாகணும். குழாய் இல்லாட்டி திரும்பி உள்ளேயே டிரான்ஸ்பார்மர்ல பாயும். பாட்டு ஓடுறப்போ அதுக்குப் பாரம் இருந்தாத்தான் உசுரு."

"அப்ப பியூஸு?"

"பாரம் கூடினாத்தான் அது பாக்கும். பாரமே இல்லாததை அது எங்கிட்டுக் கண்டுச்சு? நாளைக்குக் கெணத்துக்குக் கெளம்புங்க."

டிரான்ஸ்பார்மருக்குத் திருச்சியில புதுக் கம்பி சுத்தி வர ஒரு மாசம் ஆச்சு. அந்த ஒரு மாசமும் கல்லுக் கூடைதான். ஒவ்வொரு தடவை கூடையை எறக்கும்போதும் நான் கருகாம இருக்கேனேன்னு ஆச்சரியமா இருக்கும்.

அப்புறம் மைக்கேல்சாமியே கெணத்து மேட்டுக்கு வந்தான். "ரெண்டு பேரை ஒக்கார வச்சுப் பாத்தேண்ணே. கழட்டுனா என்ன ஆகும்னு ரெண்டு பயலும் கேக்குறானுங்க. நீங்க கேக்க மாட்டிங்க. மேல வாங்க."

ஒரே ஒரு நிபந்தனை போட்டான். போன வருசம்தான் நான் எழுத்துக் கூட்டப் படிச்சிருந்தேன். அந்தக் கையாலேயே பெட்டி மூடியில பெயிண்டால எழுதச் சொன்னான். அரை நாள் எழுதினேன்: 'பாட்டு ஓடும்போது குழாயைக் கழட்டாதே. கழட்டிக் கெட்டவன் குழந்தைசாமி.'

போற ஊருல எல்லாம் பள்ளிக்கூடத்துப் புள்ளைக அதைச் சத்தமா வாசிச்சிட்டு, "யாரு அந்தக் கொழந்தைசாமி?"ன்னு என்கிட்டயே கேக்குதுக.

செட்டுப் பக்கத்துல நல்லாச் சாஞ்சு ஒக்காந்துக்கிட்டு, அவன் கெணத்துல விழுந்து செத்துட்டான்னு சொல்லிடுவேன்.