பொருந்தும்

"பொருந்துமா பொருந்தாதா, அதை மட்டும் சொல்லு."

"இதைக் கேக்கவா டீயை ஆறவிட்டு ஓடி வந்தீங்க, அண்ணே?"

"டீ ஆறினா சூடு பண்ணிக்கலாம். வண்டி நின்னா அவன் வாய்க்கு யாரு பதில் சொல்றது?"

பக்கத்துக் கொட்டகை மாமிட் அண்ணன் உள்ளங்கையில் ஏந்தி வந்திருந்தது ஒரு மூளை. தட்டையான அலுமினியப் பெட்டி, ஓரத்தில் சீப்புப் பல்போல் ஊசிகள். இஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்று கட்டளையிடும் கணினி. பிஷ்கெக்கில் எங்கள் மெக்கானிக் கொட்டகை வரிசையில் யாரும் அதைக் கணினி என்பதில்லை.

"யாரோட வண்டி?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியையே துடைத்தார். "உனக்குத் தெரியாத வண்டியா, சைக்கால்?"

தெரியும். ஜப்பான் ஏலத்திலிருந்து முன்பக்கம் நசுங்கி வந்த சாம்பல் நிற வண்டி. உடம்பு அந்த மாடலின் இரண்டாம் தலைமுறை. அதற்குள் முதல் தலைமுறையின் இஞ்சினையும், அதன் கம்பிகளையும், அதன் மூளையையும் வைத்து ஒரு குளிர்காலம் முழுக்க நான் தைத்தேன். என் விரல் நுனிகள் வெடித்து ரத்தம் வந்தது. என் கணவன் கனிமெத் அப்போது பக்கத்தில் அடுப்பில் கை காய்ச்சிக்கொண்டு, பனி எப்போது நிற்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். வசந்தம் வந்ததும் விவாகரத்து. வண்டி அவனோடு போயிற்று. அதன் முன் நின்று அவன் எடுத்த வீடியோவை நகரமே பார்த்தது. "ரெண்டு தலைமுறையை ஒண்ணாக்கினேன். இந்தக் கையால." ஒரு பிளக்கைப் பிடிக்கவே கூசும் கை அது.

"பழைய மூளை நல்லாத்தானே ஓடுது? இப்ப எதுக்கு மாத்துறான்?"

"அது எந்தச் சாவியைப் போட்டாலும் ஓடும். இது புதுசு, ரெண்டாம் தலைமுறையோடது. தன் சாவியில இருக்கிற சில்லைப் பார்த்தாத்தான் உயிரே வரும்." மாமிட் அண்ணன் தொண்டையைச் செருமினார். "இன்னொரு சாவி உன்கிட்ட இருக்காமே. சனிக்கிழமை தலாஸுக்குப் போய், மறுநாள் கல்யாணப் பொண்ணை அழைச்சுட்டு வரான். கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற வண்டியை நீ எடுத்துட்டுப் போயிடுவியோன்னு பயம்."

சாவி என் மேலங்கிப் பையில்தான் இருந்தது. ஒருநாளும் அதை எடுத்துக்கொண்டு அவன் தெருவுக்குப் போனதில்லை. ஆனால் போனால் அந்த வண்டி என் கைக்கு உறுமும் என்ற நினைப்பில்தான் இத்தனை மாதம் தூங்கினேன். இப்போது அதையும் அவன் பிடுங்கப் போகிறான்.

மூளையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு தலைமுறைக்கும் பிளக்கின் அச்சு ஒன்றுதான். 'பிளக் உட்கார்ந்தால் மூளை உட்காரும்' என்பது எங்கள் வரிசையில் வேதவாக்கு. பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். இந்த வண்டியில் மட்டும் ஓர் ஊசி இடம் மாறியிருந்தது. ரேடியேட்டர் விசிறியைக் கூப்பிடும் ஊசி. புது மூளையில் அது வேறு மூலைக்குப் போய்விட்டது, என் பழைய கம்பிகளில் அந்த மூலை வெறும் ஓட்டை. மூளை 'சுற்று' என்று கத்திக்கொண்டே இருக்கும், விசிறிக்குக் கேட்காது.

ஓடும் வண்டிக்குக் காற்றே விசிறி. மேட்டில் ஊர்ந்து போனால்தான் வினை, இஞ்சின் கொதித்துவிடும். அந்த உடம்பில் வெப்பம் காட்டும் முள்ளும் கிடையாது, எல்லாம் முடிந்தபின் எரியும் ஒரு சிவப்பு விளக்குதான். இது செப்டம்பர். சூசாமிர் மேய்ச்சல் வெளியிலிருந்து மந்தைகள் வீடு திரும்பும் மாதம். தலாஸ் வழியில் கணவாய்க்கு ஏறும் சாலையில் வண்டிகள் ஆடுகளின் பின்னால் ஆடுகளாக ஊரும்.

"பொருந்தும்," என்றேன்.

"நிஜமாவா?"

"போட்டுப் பாருங்க. கிளிக்குனு உக்காரும்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் இஞ்சின்காரர், கம்பிகளைப் பாம்பென்று ஒதுங்குகிறவர், அதற்குமேல் கேட்கவில்லை.

"கழட்டுற மூளையை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க, அண்ணே."

மாலையில் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். வண்டி ஒரே திருகலில் கிளம்பிவிட்டதாம், கனிமெத் அவரைக் கட்டிப்பிடித்தானாம். தனியாக உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். உள்பக்கம் ஊசியால் என் பெயரைக் கீறி வைத்திருந்தேன், யாருக்கும் தெரியாத இடத்தில். அதை அரத்தால் தேய்த்து அழித்திருந்தான். மேலே அவன் பெயர்.

அதுவரை எனக்குள் ஒருத்தி 'ஓடிப் போய் விசிறி என்று ஒரு சொல் சொல்லிவிடு' என்று முனகிக்கொண்டிருந்தாள். மூடியை மூடியபோது அவளையும் உள்ளே வைத்து மூடினேன்.

வெள்ளிக்கிழமை ஊல்கான் அத்தை, கனிமெத்தின் அம்மா, சுடச்சுட போர்சோக் மாவுத்துண்டுகள் பொரித்து எடுத்து வந்தாள். விவாகரத்துக்குப் பிறகும் என்னை மருமகளே என்று கூப்பிடும் ஒரே ஆள்.

"நீங்களும் போறீங்களா அத்தே?"

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டா? போகலடி. நீயும் நானும் இங்க உக்காந்து தின்னலாம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அவன் மட்டும் வேகட்டும்.

ஞாயிறு பிற்பகல் அத்தையின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. காற்றின் இரைச்சல், அதற்குள் ஆயிரம் ஆடுகளின் கத்தல்.

"சைக்கால், கண்ணு... கணவாய்ல நிக்கிறோம். வண்டி கெட்டில் மாதிரி ஆவி கக்குது."

"நீங்க எங்கத்தே அங்க?"

"வரலைன்னுதான் சொன்னேன். தூக்கி உக்கார வெச்சுட்டானுங்க. பொண்ணு ஏறின வண்டி திரும்பக் கூடாது, அவளை வேற வண்டியில மாத்தவும் கூடாதுன்னு பொண்ணு வீட்டுப் பெரியவங்க ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. கயிறு கட்டி இழுத்தா ஊர் சிரிக்கும். பனி வேற விழ ஆரம்பிச்சிருச்சு."

பிறகு ஒரு இளம் குரல், மணப்பெண்தான். பல் கிட்டிக்கும் குளிரிலும் மரியாதையான குரல். "அக்கா, இது நீங்க சேத்த வண்டின்னு அத்தை சொன்னாங்க. அவருக்கு எதைத் தொடறதுன்னே தெரியல. என்ன பண்ணணும்னு சொல்லுங்கக்கா."

இஞ்சின் ஆறியதும் தண்ணீர் ஊற்றி, பேட்டரியிலிருந்து விசிறிக்கு நேராக ஒரு கம்பி இழுத்தால் போதும். எந்தக் கல்யாண வண்டியிலும் ஒரு முழம் கம்பி இருக்கும். சொல்ல ஒரு மூச்சு போதும். அத்தையின் முட்டி நினைவுக்கு வந்தது. மடியில் பழைய மூளை சில்லென்று கிடந்தது.

"அவர்கிட்ட போனைக் குடும்மா."

கை மாறும் சத்தம். மூச்சிலேயே அவன்தான் என்று தெரிந்தது.

"ஸ்பீக்கர்ல போடு, கனிமெத். பொண்ணு வீட்டுப் பெரியவங்க பக்கத்துல வரட்டும். இந்த வண்டியை யாரு கை சேத்துதுன்னு, அவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு தடவை சொல்லு."