எலிக்குக் கூடிய எலும்பு

எலும்பு முறிவு எப்படி ஆறுகிறது என்று எலிகளை வைத்து ஆராய்பவர், ஆய்வகத்தின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்ட டாக்டருக்கே பாடம் நடத்திவிட்டு, மறுநாளே ஊன்றுகோலோடு வேலைக்குக் கிளம்பினார். பல வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், எலும்பு கூடவே இல்லை.

அவர் மனைவி பக்கத்து அறையில், கோழிக் கருவில் முக எலும்பு உருவாவதை ஆராய்பவர். அவரிடம் போய்ப் புலம்பினார்.

“என் எலிங்களுக்கெல்லாம் சீக்கிரமே கூடிடுது. எனக்கு மட்டும் ஏன் கூடல?”

மனைவி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அதுங்க கூண்டுக்குள்ள கிடக்குது. நீங்க ஊர் சுத்துறீங்க.”

அன்றே வீட்டுக்குப் போய் சோபாவில் காலை நீட்டினார். எலும்பு கூடியபின் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் மனைவிக்கும் நன்றி சொன்னார், எலிகளுக்கு அடுத்தபடியாக.